படைத் துணிச்சின்னங்களின் மெய்ம்மை: மதுக்கரைப் பயிற்சி மையக் காலத்தை முன்வைத்து

முன்னுரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் இயங்கியது. 1947இல் அது நீலகிரியின் வெலிங்டனுக்கு மாற்றப்பட்டது. அக்கால வீரர்கள் சீருடையில் அணிந்த துணிச்சின்னங்கள் கொங்கு வட்டாரப் படை வரலாற்றுக்கு நேரடிச் சான்றாகத் தக்கவை. எனினும் அவற்றோடு பிற்காலப் படிகளும் சேகரிப்புகளில் கலந்துள்ளன. போலியை ஏற்றால் வரலாறு பிழைபடும். மெய்யானதைப் போலியென ஒதுக்கினால், ஆவணத்தில் இடம்பெறாத ஒரு வீரரின் எஞ்சிய தடயமும் மறையும். இந்தியச் சூழலில் இரண்டாவது பிழைக்கே வாய்ப்பு மிகுதி என இக்கட்டுரை வாதிடுகிறது.

வடிவம் தரும் கால எல்லை

மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்திலுள்ள யானை 1803இல் நிகழ்ந்த அசாயேப் போரை நினைவூட்டுவது. நெடுங்கால மரபாதலால் யானை உருவம் மட்டுமே ஒரு சின்னத்தின் காலத்தை உணர்த்தாது. உடன்வரும் எழுத்தையும் முடியையும் நோக்க வேண்டும். '3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்னும் பெயரிலிருந்த எண் 1945இல் நீக்கப்பட்டது. 1950இல் இந்தியா குடியரசானபின் படைச் சின்னங்களில் பிரித்தானிய முடியின் இடத்தை அசோகரின் சிங்க முகட்டு உருவம் பெற்றது. பர்மாப் போர்முனையில் பொருத 14ஆம் இராணுவம் 1943இன் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. ஆகவே அதன் சின்னத்தை 1942க்கு உரியதாகக் கூற இயலாது.

இவை ஒரு வடிவம் தோன்றியிருக்கக்கூடிய மிக முந்தைய காலத்தை வரையறுக்கின்றன. பழைய இருப்பு பின்னரும் அணியப்பட்டிருக்கலாம். வடிவத்தைப் பிற்காலத்தார் படியெடுக்கவும் கூடும். எனவே பொருளாய்வு தேவைப்படுகிறது.

இழைச் சான்று

பாலியெஸ்டர் இழை 1941இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டு, போருக்குப் பின்னரே வணிக உற்பத்திக்கு வந்தது. போர்க்காலத்தது எனப்படும் சின்னத்தின் அடித்துணியிலோ பூவேலையிலோ பாலியெஸ்டர் இருப்பின் அக்கூற்று நிலைக்காது. ஆனால் சீருடையோடு இணைக்கும் தையல்நூல் பின்னர் மாற்றப்பட்டதாக இருக்கலாம்; அதனைத் தனியே பிரித்தறிதல் வேண்டும். நுண்ணோக்கியில் பருத்தி முறுக்கிய நாடா போலவும், பாலியெஸ்டர் பொதுவாக வழவழப்பான தண்டு போலவும் தோன்றும். எரித்துப் பார்க்கும் முறை சான்றையே அழிப்பது. இத்தகைய இழையாய்வுத் துறையில் கோவைக்கு நீண்ட மரபுண்டு. சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் 1956 முதல் இங்கு இயங்குகிறது.

புற ஊதா ஒளியில் நீலவெண்மையாக ஒளிர்வது, போருக்குப்பின் பரவலான வெண்மையூட்டிகளைக் காட்டும். ஆயினும் இன்றைய சலவைத்தூளில் துவைக்கப்பட்ட பழந்துணியும் ஒளிரும். ஆகவே ஒளிர்வு ஐயத்தை எழுப்புமே அன்றி முடிவு சொல்லாது.

ஒழுங்கின்மையும் மெய்ம்மையும்

போர்க்கால இந்தியாவில் துணிச்சின்னங்கள் பல கடைவீதித் தையற்காரர்களாலும் பூவேலைக் கைவினைஞராலும் செய்யப்பட்டன. ஒரே சின்னம் அளவிலும் நிறத்திலும் தையலிலும் வேறுபட்டது. பிரிட்டனில் ஆலையில் செய்த மாதிரியோடு ஒப்பிட்டு இவற்றைப் போலி எனல் முறையன்று. மாறாக, பின்புறத் தையல் முழுதும் ஒரே சீராக அமைந்த கணினிப் பூவேலை பிற்கால ஆக்கத்தைக் காட்டும். எனினும் கைப்பூவேலை இன்றும் தொடர்வதால், ஒழுங்கின்மை மட்டுமே மெய்ம்மைக்குச் சான்றாகாது.

முடிவுரை

வடிவம், இழை, தையல் ஆகிய மூன்றும் தம்முள் முரண்படாதபோதே வீரரின் ஊதியப் புத்தகம், விடுவிப்புச் சான்று, ஒளிப்படம், குடும்பத்தார் வாய்மொழி ஆகியவற்றோடு சின்னத்தை இணைத்துப் பார்த்தல் தகும். சீருடையில் தைத்த நிலையிலுள்ள சின்னத்தைப் பிரிக்கலாகாது. அதன் அடியில் வெளுக்காமல் நிற்கும் துணியின் நிறமும் பழைய ஊசித்துளைகளும் தாமே சான்றுகள். தீர்வு எட்டாதவற்றை 'ஐயத்திற்குரியது' எனப் பதிந்து பாதுகாப்பதே, பின்வரும் ஆய்வாளருக்கு அச்சான்று எஞ்சியிருக்க வழிசெய்யும்.