கெமாஸ்: இருப்புப்பாதை ஈன்ற ஊர்

ஊர்கள் பலவகைப்படும். ஆற்றால் பிறந்த ஊருண்டு. துறைமுகத்தால் பிறந்த ஊருண்டு. ஈயச் சுரங்கத்தால் எழுந்து, ஈயம் தீர்ந்ததும் உறங்கிப்போன ஊர்களும் மலைநாட்டில் உண்டு. நெகிரி செம்பிலானின் தென்கிழக்குக் கோடியில், ஜோகூர் எல்லையை ஒட்டிக் கிடக்கும் கெமாஸ் என்னும் சிற்றூரோ இவற்றுள் ஒன்றையும் சார்ந்ததன்று. இரண்டு இருப்புப்பாதைகள் கூடும் இடம் என்ற ஒரே காரணத்தால் உலகறிந்த ஊர் அது.

மலைநாட்டின் முதல் புகைவண்டி 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிற்று. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். அடுத்து வந்த பாதைகளும் அவ்வாறே ஒவ்வொரு சுரங்க ஊரையும் அதற்கு அண்மையிலிருந்த துறைமுகத்தோடு இணைத்தன. இத்துண்டுகளை வடக்கு தெற்காக ஒன்று சேர்க்கவேண்டும் என்று ஸ்வெட்டன்ஹாம் துரை வாதாடினார். 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை ஒன்றாயிற்று. பின்னர் அது தம்பினைக் கடந்து கெமாசைத் தொட்டது. ஜோகூர் அரசுடன் 1904-இல் செய்த உடன்படிக்கையின்படி தெற்கே பாதை நீண்டு, 1909-இல் ஜோகூர் பாரு வரை முற்றுப்பெற்றது.

கெமாஸ் சந்திப்பாக அமைந்தது தற்செயலன்று. மலைநாட்டின் முதுகெலும்பாகிய பெரிய மலைத்தொடர் நெகிரி செம்பிலானில் வந்து தாழ்ந்து முடிகிறது. பகாங்குக்கும் கிளந்தானுக்கும் பாதை போட விரும்பியோர் மலையைக் குடைவதினும் அதன் காலடியைச் சுற்றிப்போவது எளிதெனக் கண்டனர். 1910-இல் கெமாசிலிருந்து பஹாவ் வரை வண்டி ஓடிற்று. ஆயினும் முன்னே கிடந்தது பெருங்காடு. ஆறுகளுக்குப் பாலமிட்டும் சதுப்பைத் தூர்த்தும் முன்னேறிய அப்பாதை, கிளந்தானின் தும்பாட் வரை ஒன்றாக இணைந்தது 1931-இல்தான். அதன் நீளம் ஏறத்தாழ 526 கிலோமீட்டர்.

நீராவி இயந்திரம் பசியும் தாகமும் உடையது. அதற்கு நீரும் நிலக்கரியும் ஊட்டவேண்டும், சாம்பலை அகற்றவேண்டும், ஓட்டுவோரை மாற்றவேண்டும், பெட்டிகளைக் கழற்றி வேறு வண்டியில் கோக்கவேண்டும். ஆகவே கெமாசில் வண்டி நின்றது. வண்டி நின்றதால் பயணிகள் காத்திருந்தனர். அவர்கள் காத்திருந்ததால் காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் தோன்றின. பிறர் பொறுமை இழந்து கழித்த நாழிகைகளே இவ்வூருக்குப் பிழைப்பாயின எனலாம்.

இவ்வளவையும் ஆங்கில நூல்களில் எளிதிற் படிக்கலாம். படிக்கமுடியாதது ஒன்றுண்டு: பாதையிட்டோர் யார்? மண் வெட்டியவரிலும், கல் பரப்பியவரிலும், சிலிப்பர் கட்டை சுமந்தவரிலும், பின்னர் தண்டவாளத்தைப் பேணிய கூட்டங்களிலும் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளரே. நிலையத்துக் கணக்கர், அதிகாரிகளில் பலர் யாழ்ப்பாணத் தமிழர். சீனர், மலாய்க்காரர், பஞ்சாபியர் ஆகியோருக்கும் இதில் பங்குண்டு. சஞ்சிக்கூலி முறையில் ஆள் பிடிப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. கெமாசைக் கடந்து தெற்கே பாதை சென்ற காலத்தில் அம்முறை இன்னும் உயிரோடிருந்தது என்பதை மறக்கலாகாது.

அவர்களை வீழ்த்தியவற்றுள் முதலாவது மலைக்காய்ச்சல். கொசுவே அதனைப் பரப்புகிறது என்பதற்கு 1897-இல் ரொனால்டு ராஸ் சான்று கண்டார். காடு வெட்டிய இடத்தில் வெயில் பட்டு ஓடும் தெளிந்த நீரிலேயே இந்நாட்டின் கொடிய கொசுவினம் ஒன்று பெருகும் என்பதும் பின்னர் விளங்கிற்று. பாதைக்கென வெட்டிய வெளியே நோய்க்கும் தொட்டிலாயிற்று. அறியாமையால் காட்டேறியின் சினமென்று கயிறு கட்டியோரை நாம் இகழவேண்டா; அவர்க்கு வேண்டிய கல்வியையும் மருந்தையும் காலத்தில் அளியாதோரையே வரலாறு கேள்வி கேட்கவேண்டும்.

1942-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், கெமாசுக்கு மேற்கே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்தனர். சைக்கிளேறி வந்த ஜப்பானியர் பலர் பாலத்தைக் கடக்கும்வரை பொறுத்திருந்து, பின் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துத் தாக்கினர். ஜப்பானியருக்குப் பேரிழப்பு நேர்ந்தது. ஆயினும் போரின் போக்கு மாறவில்லை. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அப்பாலத்தருகே இன்று நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. அது தகும்.

ஆனால் அதனினும் பெரிய துயரம் ஒன்று வெடியோசையின்றி நடந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை ஜப்பானியர் 1942-43-இல் அமைத்தனர். அதற்காகக் கிழக்குப் பாதையின் பெரும்பகுதியிலிருந்து தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தனர். தண்டவாளத்தைப் போலவே மனிதரையும் பெயர்த்தனர். பல்லாயிரம் தோட்டத் தமிழர் வண்டியேற்றப்பட்டனர். தெற்கேயிருந்து சென்றோர்க்கு வழி கெமாஸ்தான். தந்தையர் இட்ட பாதையிலேயே மக்கள் சாவுக்குச் சென்ற கொடுமையை என்னென்பது! அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ அதனினும் பன்மடங்கினர். முன்னவர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. வீரர்க்கு நடுகல் நட்ட பழங்குடியில் வந்த நம்மவர்க்குக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்ட 2023 வரை காலம் பிடித்தது.

கிழக்குப் பாதை 1950-களில் சீர்பெற்றது. நீராவி போய் டீசல் வந்தது; 2015-இல் மின்வண்டி கெமாசை எட்டியது. 2025-இல் அது தெற்கே செகாமட்டுக்கும் அப்பாலும் செல்லத் தொடங்கியது. கிளந்தானுக்குச் செல்வோர்க்கன்றி ஏனையோர்க்குக் கெமாசில் இறங்க இனிக் காரணமில்லை. விரைவு நன்றே, அதை நாம் வெறுக்கவில்லை. எனினும், நிற்பதால் வாழ்ந்த ஊரை நில்லாத வண்டி என்செய்யும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கிராணித் தொழில் செய்யும் நாம் இதிற் கூறவேண்டியது ஒன்றுண்டு. விடியற்காலைப் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுச் செக்ரோலில் புள்ளி வைப்பவர் நாம். சயாமுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளிக்குக் கல்வெட்டு ஏது, காவியம் ஏது? தோட்டத்துப் பேரேட்டில் ஒரு வரி, அவ்வளவே. தோட்டம் கைமாறும்போது பழைய ஏடுகள் குப்பையாகக் கருதப்படின் அவ்வரியும் அழியும். ஆதலின், பழைய கணக்கேடுகள் கண்ணிற் படின் எரியவிடாது காப்பது கிராணிமாரின் கடமை. முதியோர் நினைவில் உள்ள பெயர்களை எழுதி வைப்பது இளைஞர் சங்கங்களின் கடமை.

இன்று நம் ஏட்டில் வங்காளதேசத்தார் பெயரும் நேப்பாளத்தார் பெயரும் ஏறுகின்றன. உச்சரிக்க வரவில்லையென்று அவற்றைச் சிதைத்து எழுதுவோரும், வெறும் எண்ணால் அழைப்போரும் நம்மிடை உண்டு. நம் பாட்டன்மாரை அவ்வாறு எழுதியவரை நாம் குறைகூறுகிறோமன்றோ? அப்பிழையை நாமே செய்யலாமா? அவர் பெயரைத் திருத்தமாக எழுதுவோம். வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.