உடலுக்குள் தங்கும் உலோகக் கவ்வி

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்டோரின் இல்லங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. “உள்ளே போட்ட ஸ்டேப்ளர் பின்களை மருத்துவர்கள் எடுப்பதில்லையாமே! ஆயுள் முழுவதும் அங்கேயே கிடந்தால் துருப்பிடிக்காவா? ஒரு நாள் கழன்றுவிட்டால் என்ன செய்வது?” பெற்ற தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ இவ்வறுவை நடந்திருக்குமாயின் இவ்வச்சம் இயல்பானதே. இதற்குரிய விடையை மருத்துவ வரலாற்றிலேயே காணலாம். அதன் சில ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

கிழிந்த குடலைப் பிணைத்து உள்ளேயே விட்டுவிடும் முறை மிகப் பழையது. பெரிய கட்டெறும்புகளைக் காயத்தின் விளிம்பில் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளியெறிந்து, கவ்விய தலைகளை மட்டும் விட்டுவைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை குறிப்பிடுகின்றது. ஸ்பெயினின் கொர்தோபா நகரையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து, கி.பி. 1013 அளவில் மறைந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலில் இந்த எறும்பு முறையைக் கூறியுள்ளார். அத்துடன், விலங்கின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய இழையால் குடலைத் தைக்கலாம் என்பதையும் எழுதிவைத்துள்ளார். காயம் ஆறும்வரை அதன் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு துணை வேண்டும் என்பதே இவ்விரு முறைகளுக்கும் அடிப்படையாகும்.

எறும்பின் பணியை உலோகத்திடம் ஒப்படைத்தவர் ஹங்கேரி நாட்டு அறுவை மருத்துவர் ஹூமர் ஹூல்ட்ல் ஆவார். 1908-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில், கருவி செய்வதில் வல்லவரான விக்டர் பிஷர் என்பாரின் துணையுடன், இரைப்பையை நசுக்கி எஃகுக் கம்பித் துண்டுகளை வரிசையாகச் செலுத்தும் பொறி ஒன்றை அவர் உருவாக்கினார். செருகப்பட்ட கம்பி மடங்கி, ஆங்கில ‘பி’ எழுத்தின் வடிவத்தை அடையும். இன்றளவும் அவ்வடிவமே கையாளப்படுகின்றது. நசுங்கிய சதை இறந்துவிடாமல், கம்பியின் வளைவுகளுக்கிடையே நுண்ணிய இரத்தக் குழாய்கள் உயிரோடிருக்க அது இடம் தருகின்றது. எனினும் அப்பொறி ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை கொண்டது. அதைப் பொருத்தி ஆயத்தம் செய்வதும் பெரும்பாடு. 1920-களின் தொடக்கத்தில் அலாடார் பெட்ஸ் என்னும் மற்றொரு ஹங்கேரியர் அதனை எளிதாக்கினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோவியத் நாட்டில் இக்கலை விரைந்து வளர்ந்தது. அறுவைக் கருவிகளை ஆய்வதற்கென்றே 1951-இல் மாஸ்கோவில் ஒரு நிறுவனம் தோன்றியது. 1958-இல் கீவ் நகருக்குச் சென்ற அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச், அங்கே நுரையீரல் அறுவையில் இத்தகைய கருவி பயன்படுவதைக் கண்டு வியந்து, லெனின்கிராடில் ஒரு கடையில் அதனை விலைக்கு வாங்கித் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். பின்னர் அமெரிக்காவில் இக்கருவிகள் பெருமளவில் உற்பத்தியாயின.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1966-இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்பார் உடற்பருமனுக்காக இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கியபோது, இரைப்பையை வெட்டிப் பிரித்தே செய்தார். 1977-இல் ஆல்டன் என்னும் மருத்துவர், வெட்டாமல் கவ்வி வரிசையால் மட்டும் இரைப்பையைத் தடுத்துப் பிரிக்கும் எளிய வழியைக் கூறினார். 1980-இல் மேசன் தொடங்கிய மற்றொரு முறையிலும் இரைப்பை வெட்டப்படாமல் கவ்விகளாலேயே பிரிக்கப்பட்டது. ஆண்டுகள் சில கழிந்தபின், பலருக்கு அத்தடுப்புச் சுவர் திறந்துகொண்டது. குறைந்த எடையும் திரும்பியது.

அங்கே உலோகம் துருப்பிடிக்கவுமில்லை, உருகவுமில்லை. வெட்டுண்ட விளிம்பில் வடு தோன்றி மூடிக்கொள்ளும். வெட்டாமல் அழுத்தி வைத்த உட்சவ்வுகளோ ஒன்றோடொன்று எளிதில் ஒட்டா. ஆகவே காலமெல்லாம் கவ்விகளே பாரத்தைத் தாங்க நேர்ந்தது; அது அவற்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. இப்பாடத்தைக் கற்ற மருத்துவர்கள், இருபுறமும் கவ்விகளைச் செலுத்தி நடுவே வெட்டிப் பிரிக்கும் முறையைப் பொதுவாக மேற்கொண்டனர். இன்றைய கருவி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கின்றது.

இன்று பெரும்பாலும் டைட்டானியக் கவ்விகளே பயன்படுகின்றன. காற்றுப் பட்டவுடன் டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படிந்துவிடும். அதனால் உடலின் உப்புநீர் அதனை அரிப்பதில்லை. காந்தம் அதனை இழுப்பதில்லை, ஆகவே எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. ஆயினும் அறுவை நடந்ததை முன்கூட்டியே தெரிவித்தல் நன்று. ஒருவர் உடலில் நூற்றுக்கணக்கான கவ்விகள் இருக்கக்கூடும். சில வாரங்களில் சதை கூடி வடு உறுதிப்பட்டபின் அவற்றின் பணி முடிந்துவிடுகின்றது. வடுவினுள் புதைந்து அவை வாளா கிடக்கும். அரிதாக ஒரு கவ்வி உட்புறம் வெளிப்பட்டு நிற்பதுண்டு. தொல்லை தருமாயின் எண்டாஸ்கோப்பி வழியே அதனை அகற்றுவர்.

அவ்வாறாயின் ஆபத்தே இல்லையா? உண்டு, அது பெரும்பாலும் தொடக்க நாட்களிலேயே நேர்வது. கவ்வி சரியாக மடங்காவிடினும், சதையின் தடிப்புக்கேற்ற அளவைத் தேர்ந்தெடுக்காவிடினும், இரத்த ஓட்டம் குறைந்தாலும் கசிவு ஏற்படும். 2011 தொடக்கத்திலிருந்து 2018 மார்ச் வரை இக்கருவிகளையும் கவ்விகளையும் பற்றி 41,000-க்கு மேற்பட்ட முறையீடுகள் வந்ததாகவும், அவற்றுள் 360-க்கு மேற்பட்டவை மரணம் குறித்தவை என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் அறிவித்தது. 2021-இல் உடலுள் பயன்படும் ஸ்டேப்ளர் கருவிகளைக் கூடுதல் கட்டுப்பாட்டுக்குரிய வகுப்பில் சேர்த்தது. எனவே அறுவைக்குப் பின் வரும் நாட்களிலும் வாரங்களிலும் காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு, கடும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

பல்லாண்டு கடந்தவர் அஞ்சவேண்டியது கவ்வியைக் குறித்தன்று. இரும்புச் சத்து, பி12, சுண்ணாம்புச் சத்து முதலியன குறைந்துவிடாமல் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் ஆயுள் முழுவதும் தொடர்கின்றனவா என்பதே அவர் கவனிக்கத்தக்கது. உலோகம் தன் கடமையைச் சில வாரங்களில் முடித்துவிட்டது. எஞ்சிய கடமை அவருடையதும் அவரது இல்லத்தாருடையதும் ஆகும்.