ஆறு போல்ட்டில் ஆரம்பித்த கதை: ஜீப்பைத் தாங்களே மாற்றியவர்கள்

இந்த எபிசோட் வண்டி ஆர்வலர்களுக்கானது. ஆனா வண்டி ஓட்டத் தெரியாதவங்களும் தாராளமா கேட்கலாம், கதை சுவாரசியமானதுதான்.

கேள்வி இதுதான். "நான் மெக்கானிக் கிடையாது. ஸ்பேனர் செட்டே இப்பதான் வாங்கினேன். என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு லிஃப்ட் கிட், ஸ்கிட் பிளேட், கூடுதல் லைட் இதையெல்லாம் நானே மாட்டலாமா?" இணையத்தில் தேடினால் ஒரு கூட்டம் "ஈஸி ப்ரோ, ரெண்டு மணி நேர வேலை" என்கிறது. இன்னொரு கூட்டம் "தொடவே தொடாதே" என்கிறது. ரெண்டு பேருமே கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. பயிற்சியே இல்லாத ஆட்கள் எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று 80 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு அமைப்பு உட்கார்ந்து யோசித்து, பட்டியல் போட்டு, அச்சடித்துக் கையில் கொடுத்தது. அந்த அமைப்பு அமெரிக்க ராணுவம். அந்த வண்டி ஜீப்.

49 நாளில் ஒரு வண்டி

1940-ம் வருஷம். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சின்ன, இலகுவான, நான்கு சக்கரமும் இழுக்கிற உளவு வண்டி தேவைப்பட்டது. 135 நிறுவனங்களுக்குத் தகவல் போனது. உருப்படியாகப் பதில் சொன்னவை ரெண்டே ரெண்டு: அமெரிக்கன் பான்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட். முதல் மாதிரி வண்டியை ஒப்படைக்கக் கொடுத்த அவகாசம் 49 நாள்.

பான்டம் அப்போது கிட்டத்தட்ட திவாலாகிப்போன ஒரு சின்ன கம்பெனி. கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அவர் சில நாட்களிலேயே வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடிகிற அன்றைக்கே, மேரிலாந்தில் இருந்த ஹோலாபேர்ட் ராணுவ முகாமுக்கு அந்த வண்டி ஓட்டிக்கொண்டு போகப்பட்டது.

49 நாளில் எப்படி முடிந்தது? எல்லாவற்றையும் புதுசாகச் செய்யவில்லை. இன்ஜின் கான்டினென்டல் கம்பெனியுடையது. ஆக்ஸில் ஸ்பைசர் கம்பெனியுடையது. கியர்பாக்ஸ் வார்னர் கம்பெனியுடையது. சந்தையில் ஏற்கெனவே கிடைத்ததை எடுத்து, தேவையானதை மாற்றி, போல்ட் போட்டு இணைத்தார்கள். சொல்லப்போனால் உலகத்தின் முதல் ஜீப்பே ஒரு 'ஆஃப்டர்மார்க்கெட்' வேலை மாதிரிதான்!

பிறகு பெரிய அளவு உற்பத்திக்கு வில்லிஸின் வடிவமைப்பு தேர்வானது. வில்லிஸால் மட்டும் அவ்வளவு வண்டி செய்ய முடியாது என்று ஃபோர்டு கம்பெனியும் அதே வரைபடத்தில் தயாரித்தது. போர் முடிவதற்குள் ரெண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. ஆனால் அந்த போல்ட் வில்லிஸ் வண்டியிலும் சரியாகப் பொருந்தும். நம்ம மென்பொருள் பாஷையில் சொன்னா, இன்டர்ஃபேஸ் ஒண்ணு, அதை எழுதினவங்க ரெண்டு பேர். அடிபட்ட ரெண்டு ஜீப்பிலிருந்து ஓடுகிற ஒரு ஜீப்பை உருவாக்க முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

உன் வேலை எது?

வண்டி தயார். ஓட்டப்போவது யார்? நேற்றுவரை பண்ணையிலும் கடையிலும் வேலை பார்த்த, 19, 20 வயசுப் பையன்கள். எல்லாரையும் மெக்கானிக் ஆக்க நேரம் இல்லை. எல்லா வண்டியையும் பின்னால் இருக்கிற பெரிய பட்டறைக்கு அனுப்பவும் முடியாது.

ராணுவம் பராமரிப்பு வேலையை ஐந்து படிகளாகப் பிரித்தது. முதல் படி ஓட்டுநருடையது: ஆயில், தண்ணீர், டயர் காற்று பார்ப்பது, சுத்தம் செய்வது, தளர்ந்த நட்டு போல்ட்டை இறுக்குவது. இரண்டாவது படி அந்தப் படைப்பிரிவிலேயே இருக்கிற மெக்கானிக்குகளுடையது: சின்ன பாகங்களை மாற்றுவது, அட்ஜஸ்ட் செய்வது. மூன்றாவது படி நடமாடும் பட்டறை: முழு இன்ஜின், முழு ஆக்ஸில் போன்றவற்றைக் கழற்றி வேறு மாட்டுவது. நான்காவதும் ஐந்தாவதும் பெரிய பட்டறைகள், அங்கேதான் பிரித்து மேய்ந்து மறுபடி கட்டுவார்கள்.

1944-ல் வந்த ஜீப் கையேட்டின் பெயர் டிஎம் 9-803. வண்டியைக் கிளப்புவதற்கு முன், ஓடும்போது, நிறுத்தும்போது, ஓட்டி முடித்த பிறகு என்று நாலு வேளைக்கும் தனித்தனியாக என்ன பார்க்க வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். கூடவே 'ஆர்மி மோட்டார்ஸ்' என்று ஒரு பத்திரிகை. அதில் வில் ஐஸ்னர் என்ற காமிக்ஸ் கலைஞர் 'ஜோ டோப்' என்ற ஒரு சிப்பாயைப் படைத்தார். எதைச் செய்யக்கூடாதோ அதை ஒழுங்காகச் செய்து வண்டியைக் கெடுக்கிறவன். அவனைப் பார்த்துச் சிரித்தே பையன்கள் பராமரிப்பு கற்றுக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. "உனக்கு ஒண்ணும் தெரியாது, ஒதுங்கு" என்று அந்த ஏற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. "நீ எல்லாம் செய்யலாம்" என்றும் சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்ற கோட்டைக் காட்டியது. கோடு தெரிந்ததால் அந்தக் கோட்டுக்குள் அவன் பயமில்லாமல் வேலை செய்தான்.

போர் முடிந்தது, வண்டி மிச்சம்

1945-க்குப் பிறகு 'உபரி ஜீப், வெறும் 50 டாலர், பெட்டியில் பேக் செய்தது' என்று விளம்பரங்கள் வந்தன. பணம் கட்டியவருக்கு வந்தது ஜீப் இல்லை. அரசாங்கத்திடம் உபரிப் பொருள் வாங்குவது எப்படி என்று விளக்கும் ஒரு சின்ன புத்தகம்! இந்தக் கட்டுக்கதை பல வருஷம் ஓடியது. ஆனால் உபரி ஜீப்புகள் நிஜமாகவே பொதுமக்களிடம் வந்தன, விலைதான் 50 டாலர் இல்லை. விவசாயிகள், வேட்டைக்காரர்கள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வாங்கினார்கள். வில்லிஸும் 1945-லேயே சிஜே-2ஏ என்ற பொதுமக்கள் ஜீப்பை விற்க ஆரம்பித்தது.

வாங்கியவர்களுக்கு ஒரு பிரச்சினை. ஜீப்பை டூ வீல் டிரைவில் போட்டாலும் முன்சக்கரம் உருளும்போது கூடவே முன் ஆக்ஸில் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மாவே சுற்றும். போர்க்களத்தில் அது ஒரு பொருட்டில்லை. தினமும் தார் ரோட்டில் போகிறவருக்கு பெட்ரோல் வீண், தேய்மானம், சத்தம்.

1948-ல் சியாட்டில் பகுதியில் ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கு ஒரு தீர்வைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார்: லாக்கிங் ஹப். சக்கரத்தின் நடுவில், ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் சக்கரத்தையும் இணைக்கிற ஒரு ஃபிளாஞ்ச் இருக்கும். அதைப் பிடித்திருப்பது ஆறு போல்ட். அந்த ஃபிளாஞ்சை எடுத்துவிட்டு ஹப்பை மாட்டினால், தேவைப்படும்போது மட்டும் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கலாம். மற்ற நேரம் சக்கரம் தனியாக உருளும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்றேன்னா, புதியவர் செய்யத்தக்க மாற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். பிரேக், ஸ்டீயரிங் எதையும் தொடவில்லை. பிடிக்கவில்லை என்றால் பழைய ஃபிளாஞ்சைத் திரும்பவும் மாட்டிவிடலாம். ஹப் வேலை செய்யாமல் போனாலும் ஃபோர் வீல் டிரைவ்தான் கிடைக்காது, வண்டி நிற்காமல் போகாது.

கோடு அழிந்த இடம்

1953-ல் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து ரூபிகான் பாதை வழியாக லேக் டாஹோ பக்கம் ஒரு பயணம் கிளம்பியது. 55 ஜீப், 155 பேர். ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்று அது வருடாந்திர நிகழ்ச்சியானது. பாறை மேல் ஏற ஆரம்பித்ததும் ஆசைகள் வளர்ந்தன. பெரிய டயர் வேண்டும், அதற்கு இடம் வேண்டும், அதனால் வண்டியை உயர்த்த வேண்டும்.

மலிவான வழி, லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தொங்கவிடுகிற ஷேக்கிளை நீளமாக்குவது. 2 அங்குலம் நீளமாக்கினால் ஆக்ஸில் இருக்கிற இடத்தில் சுமார் 1 அங்குலம் உயரும். இதுவும் சில போல்ட் வேலைதான். பார்க்க ஹப் வேலை மாதிரியே இருக்கும். ஆனா ரெண்டும் ஒண்ணு கிடையாது.

சைக்கிள் ஃபோர்க் நேர்க்குத்தாக இருக்காது, கொஞ்சம் சாய்ந்திருக்கும், இல்லையா? அந்தச் சாய்வுதான் சைக்கிள் நேராகப் போக உதவுகிறது. காரில் இதற்கு காஸ்டர் கோணம் என்று பெயர். ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்ஸில் திரும்பி, அந்தச் சாய்வு குறைகிறது. காட்டுக்குள் 10 கிமீ வேகத்தில் ஒன்றும் தெரியாது. 80-ல் போகும்போது ஸ்டீயரிங் அலைபாயும்.

உயர்த்துவதில் இன்னும் இருக்கு. பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடலாம். புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிர்வு வரும். ஈர்ப்பு மையம் மேலே போவதால் வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். டயரையே எடுத்துக்குங்க: 28 அங்குல விட்டத்திலிருந்து 31-க்குப் போனால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் சுமார் 66. பிரேக் பழையதுதான், அது நிறுத்த வேண்டிய சக்கரம் மட்டும் பெரிசாகிவிட்டது.

ராணுவத்தில் இப்படி ஒரு வேலை முதல் படி ஆளிடம் வந்திருக்கவே வந்திருக்காது. சந்தையில் அந்தப் படிகள் இல்லை. ஹப்பும் லிஃப்ட் கிட்டும் ஒரே கடையில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் கிடைக்கின்றன.

நம்ம ஊரில்

மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப் தொழிலுக்குள் வந்தது. அந்த வழியாகத்தான் ஜீப் நம்ம மலைப்பாதைகளுக்கும் வந்து சேர்ந்தது. கூடவே மாற்றிக்கட்டும் ஆசையும் வந்தது.

இங்கே கோட்டைப் போட்டிருப்பது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதோடு முரண்படுகிற அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த சட்டத்திருத்தத்தில், விதிக்கு மாறாக மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டுமே என்று வந்தது. முன்னாடி மாட்டுகிற புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. புல் பார் மோதினால் நடந்து போகிறவருக்கு அடி பலமாக விழும். காரின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்குகிற விதமும் மாறிவிடும்.

பலருக்கு இந்தச் சட்டத்தின் மேல் கோபம் உண்டு. காட்டுக்குள் போகிற ரெண்டு நாளுக்காக மாற்றுகிறோம், மீதி 363 நாளும் இவர்கள் ஏன் தலையிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அந்த 363 நாள்தான் முக்கியமாகப் படுகிறது. பாறையில் நம்ம கூட வருகிறவர்கள் தெரிந்தே வருகிறார்கள். ரோட்டில் எதிரே ஸ்கூட்டியில் வருகிறவரிடம் நாம் எதுவும் கேட்கவில்லை.

சரி, மாட்டலாமா?

மாட்டலாம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு பேப்பரில் மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க. ஒன்று, இதைக் கழற்றி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? இரண்டு, நான் மாட்டியது ஓடும்போது கழன்றால் வண்டி நிற்குமா, திரும்புமா? மூன்று, இதை மாட்டுவதால் வேறு எதன் கோணம், நீளம், எடை மாறுகிறது?

ஏற்கெனவே இருக்கிற துளைகளில் போல்ட் போட்டு மாட்டுகிற ஸ்கிட் பிளேட் மூணு கேள்வியையும் ஓரளவு தாண்டிவிடும், எடை மட்டும் கூடும். அது உங்க வேலை. ஆனா ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க, ஸ்டாண்ட் வையுங்க. டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஆரம்பிக்காதீங்க. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் சுமார் 100 கிமீ ஓடியபின் நட்டை மறுபடி பாருங்க. கூடுதல் லைட் என்றால் முதலில் விதியைப் பாருங்க. அனுமதி உண்டென்றால் ரிலே போடுங்க, ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். லிஃப்ட் கிட் இரண்டாவது, மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு முதலில் ஆர்டிஓ விதி, பிறகு அலைன்மென்ட் மெஷினும் அனுபவமும் உள்ள பட்டறை. கூட நின்று கத்துக்குங்க, கேள்வி கேளுங்க. ஸ்பேனரை அவரிடம் கொடுங்க.

ஜீப் கையேடு எழுதியவர்கள் ஓட்டுநரைக் குறைவாக நினைக்கவில்லை. அவன் தினமும் பார்க்கிற ஆயிலும் இறுக்குகிற போல்ட்டும் இல்லாமல் மீதி நாலு படியும் வீண் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் படியிலேயே வருஷக்கணக்காகச் செய்ய வேலை இருக்கு.