சந்திரனில் இறங்க மூன்று வழிகள்



பிறை பார்க்க நாம் அண்ணாந்து தேடும் அதே சந்திரனில் 1969 ஜூலை 20 இல் மனிதன் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் "எந்த வழியால் போவது?" என்று அதற்கு முன் நடந்த பெரிய வாதம் அதிகம் பேசப்படுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு அதில் நல்ல படிப்பினை இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம்.

இதில் இலங்கைத் தொடர்பும் உண்டு. 1956 முதல் 2008 இல் மரணிக்கும்வரை நம் நாட்டில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1939 இலேயே அச்சங்கத்தார் மூவர் போகக்கூடிய சந்திரக் கப்பலைக் கடதாசியில் வரைந்தார்கள். 1948 இல் அவர்களில் ஒருவரான ஹரி ரொஸ், திரும்பி வரத் தேவையான எரிபொருளைச் சந்திரனில் இறக்காமல் மேலே சுற்றுப்பாதையிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

1961 மே மாதம் ஜனாதிபதி கென்னடி "பத்தாண்டு முடிவதற்குள்" என்று அறிவித்தபோது, நாசாவின் முன் மூன்று வழிகள் இருந்தன.

1. நேரடி வழி: ஒரே இராட்சத ரொக்கெட். முழுக் கப்பலும் சந்திரனில் இறங்கி, அங்கிருந்து நேரே பூமிக்குத் திரும்பும்.

2. பூமிச் சுற்றுப்பாதைச் சந்திப்பு: பாகங்களையும் எரிபொருளையும் தனித்தனியாக அனுப்பி, பூமிக்கு மேலே பொருத்திக்கொண்டு புறப்படுவது.

3. சந்திரச் சுற்றுப்பாதைச் சந்திப்பு: தாய்க் கப்பல் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். சின்ன ஓடம் மட்டும் இறங்கி ஏறும்.

மூன்றாவதைக் கற்பிட்டி, புத்தளம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெரிய கப்பலைக் கரைவரை யார் கொண்டுவருவார்? ஆழத்தில் நங்கூரம் போட்டுவிட்டுத் தோணியில்தான் கரைக்கு வருவோம். சந்திரனில் இறக்கும் ஒவ்வொரு கிலோவையும் இறக்கவும் எரிபொருள் வேண்டும், திரும்ப ஏற்றவும் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும். பூமிக்குத் திரும்பும்போது தேவைப்படும் வெப்பக் கவசத்துக்கும் பரசூட்டுக்கும் சந்திரத் தரையில் என்ன வேலை?

இதை விடாமல் சொன்னவர் லாங்லி ஆய்வு நிலையப் பொறியியலாளர் ஜோன் ஹூபோல்ட். எதிர்த்தவர்களும் அறிவாளிகள்தான். மெக்ஸ் ஃபாஜே, ஹூபோல்டின் கணக்கே பிழை என்று கூட்டத்திலேயே சீறினார். அவர்களது பயத்தில் நியாயமும் இருந்தது. அன்று விண்ணில் இரு கலங்கள் இணைந்ததே இல்லை; முதல் இணைப்பு 1966 இல்தான் நடந்தது. சுமார் 3,80,000 கிலோமீற்றருக்கு அப்பால் ஓடம் தாய்க் கப்பலைத் தவறவிட்டால், அதில் உள்ளவர்களைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

1961 நவம்பரில் ஹூபோல்ட் மேலதிகாரிகளைத் தாண்டி, நாசாவின் உயர் நிர்வாகி ரொபர்ட் சீமன்ஸுக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். முறை தவறிய கடிதம்தான். ஆனால் சீமன்ஸ் அதைக் குப்பையில் போடாமல் பரிசீலனைக்கு அனுப்பினார். இரண்டாவது வழியை ஆதரித்து வந்த வேர்னர் வொன் பிரவுன், 1962 ஜூன் 7 இல் தன் சொந்த ஆட்களே திகைக்கும்படி மூன்றாவது வழிக்கு மாறினார். ஜூலை 11 இல் நாசா அதை அறிவித்தது. ஏழு வருடங்களின் பின் ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் ஓடத்தில் இறங்க, கொலின்ஸ் மேலே காத்திருந்தார்.

தோற்ற யோசனையும் வீண்போகவில்லை. இன்று ஸ்டார்ஷிப்பில் மனிதரை இறக்கும் திட்டத்துக்குப் பூமிச் சுற்றுப்பாதையிலேயே எரிபொருள் நிரப்ப வேண்டும். அது அன்றைய இரண்டாவது வழியின் உறவுதான். 2025 ஜனவரியில் இந்தியா இரண்டு கலங்களை விண்ணில் இணைத்துப் பழகியதும் சந்திரயான் 4 போன்ற பயணங்களுக்காகத்தான்.

உறவுகளே, அன்று ஹூபோல்டிடம் பதவி இல்லை, கணக்கு இருந்தது. சீமன்ஸிடம் பதவி இருந்தது, கேட்கும் காதும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் வழி பிறந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை வேறு வழியில் கணக்குச் செய்தால், வெட்டுவதற்கு முன் எப்படிச் செய்தாய் என்று கேட்போம். பள்ளிவாசல் கூட்டத்திலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பின்வரிசை இளைஞன் எழுந்தால், "நீ இரு தம்பி" என்று சொல்லாமல் அவன் பேசி முடிக்கட்டும் என்று விடுவோம்.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த வழியைத் தெரிவு செய்வார்கள், ஏன் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள்.