கொத்தரிசியும் குடிமக்கள் குரலும்



பசி என்பது இயற்கையின் செயல் என்று எண்ணுவோர் பலர். மழை பொய்த்தால் வயல் காயும். வயல் காய்ந்தால் வயிறும் காயும் என்பது அவர்கள் கணக்கு. வெள்ளத்தையும் வறட்சியையும் மாறி மாறிக் கண்ட நம் கிழக்குக் கரையோர முதியோர் இதனை உறுதியாகவே நம்புவர். ஆயினும், இலங்கையின் கடந்த நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போமாயின், மழைக்கும் வயிற்றுக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று நிற்பதைக் காண்போம். அதுவே அரசாங்கத்தின் கொள்கை. அக்கொள்கை பிழைத்தவிடத்து அதனைத் திருத்த வல்லதாய் இருந்தது குடிமக்களின் குரல். அக்குரல் எழுந்த காலங்களையும், எழாது அடங்கிய காலத்தையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து நெல்வரியை நோக்குவோம். 1878ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின்னர், விளைவில் ஒரு பங்கு என்றிருந்த வரி பல இடங்களிலே நிலையான பணத்தொகையாக மாற்றப்பட்டது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் தொகை ஒன்றே. கட்டத் தவறியவனுடைய வயல் ஏலத்திற்கு வந்தது. மலைநாட்டில் வலப்பனைப் பகுதியிலே வயலிழந்த குடும்பங்கள் பட்டினியால் மாண்டன என்பதை லெ மெசூரியர் என்னும் அரசாங்க உத்தியோகத்தரே அறிக்கையிட்டார். அதனை ஜோர்ஜ் வோல் என்னும் வர்த்தகர் பத்திரிகைகளிலே எழுதினார். இங்கிலாந்திலிருந்த கொப்டன் கழகத்தார் வரையில் எடுத்துச் சென்றார். ஆண்டுக் கணக்காக நடந்த அந்தப் பிரசாரத்தின் பயனாக, 1892ஆம் ஆண்டில் தேசாதிபதி ஹெவ்லொக் நெல்வரியை ஒழித்தார். அக்காலத்தில் உழவனுக்கு வாக்குரிமை கிடையாது. அவனுக்காகப் பேசும் உரிமை உடையவர் ஒரு சிலர் பேசினர். அதுவே ஒரு சட்டத்தை வீழ்த்தப் போதுமாயிற்று.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் திட்டத்தின் வழியாகச் சர்வசன வாக்குரிமை வந்தது. போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும், தறியில் அமர்ந்தவனுக்கும் கரைவலை இழுத்தவனுக்கும், அவர்தம் இல்லத்துப் பெண்களுக்கும் ஒரே எடையுள்ள வாக்குக் கிடைத்தது. இம்மாற்றத்தின் பெறுமதி பதினோராண்டுகளின் பின் விளங்கிற்று. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாகவே, நாம் உண்ட அரிசியின் பெரும்பகுதி வந்த வழி அடைபட்டது. அதே பர்மா அரிசியை இழந்த வங்காளத்தில் 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏறக்குறைய முப்பது இலட்சம் மக்கள் மடிந்தனர். இலங்கையிலோ 1942இலேயே பங்கீட்டு முறை ஏற்பட்டது. யாவருக்கும் கூப்பன் புத்தகம். சங்கக்கடையிலே அளந்து கொடுக்கும் அரிசி. இரு நாடுகளின் நிலைமைகளும் முற்றிலும் ஒத்தவையல்ல. எனினும், வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டிய மந்திரிமார் இங்கிருந்தனர் என்பது சிறிய வேற்றுமையன்று. தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டிலே பெரும்பஞ்சம் தலைகாட்டுவதில்லை என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் பிற்காலத்தில் எடுத்துரைத்ததும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது.

யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. மக்கள் அதனைத் தம் உரிமையாகவே கருதத் தொடங்கினர். இரண்டு இறாத்தல் கொண்ட கொத்து ஒன்றின் விலை 25 சதமாய் இருந்தது. அந்த விலை மாறாது என்ற வாக்குறுதியோடு 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றவர் டட்லி சேனாநாயக்க. ஆனால் கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இரப்பர் விலை சரிந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை உயர்ந்தது. உலக வங்கியின் தூதுக்குழுவும் மானியத்தைக் குறைக்குமாறு ஆலோசனை கூறியது. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்தன கொத்தின் விலையை 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின.

ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின்பேரில் ஹர்த்தால் நடைபெற்றது. கடைகள் அடைபட்டன, வண்டிகள் நின்றன. மேற்கு, தெற்குக் கரைகளில் அது பெருங்கொந்தளிப்பாக மாறியது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கூடிற்று என்றால், கரையின் நிலையை நேயர்களே ஊகிக்கலாம். அவசரகாலச் சட்டம் பிறந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதம மந்திரி பதவி துறந்தார். அவருக்குப் பின்வந்த சேர் ஜோன் கொத்தலாவலயின் ஆட்சியில் விலை 55 சதமாக இறங்கிற்று. தண்டவாளத்தைப் பெயர்ப்பதை நான் மெச்சவில்லை. ஆனால், கொடுத்த வாக்கை மீறினால் மக்கள் கேட்பர் என்பதை அந்த ஒரு நாள் நாட்டின் ஆட்சியாளர் அனைவருக்கும் கற்பித்தது.

அப்பாடத்தின் பயன் 1962இல் தெரிந்தது. அவ்வாண்டு நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டரிசியில் அரைக்கொத்தைக் குறைக்க முற்பட்டார். இம்முறை கல்லும் பறக்கவில்லை, குண்டும் பாயவில்லை. ஆளுங்கட்சி அங்கத்தினரே எதிர்த்தனர். ஊருக்குத் திரும்பினால் வாக்காளர் முகத்தில் விழிக்கவேண்டுமே! மந்திரி பதவி விலகினார். 1966ஆம் ஆண்டு இறுதியில், கொத்து 25 சதமாக இரண்டு கொத்து என்றிருந்தது ஒரு கொத்து இலவசம் என்று ஆயிற்று. இழந்த அந்த இரண்டாம் கொத்து 1970ஆம் ஆண்டுத் தேர்தலின் பெரும் விவாதப் பொருளாய் நின்றது.

இங்கே நம் பிரதேசத்தார் ஒரு கேள்வி கேட்கலாம். நுகர்வோனுக்கு மலிவான அரிசி கொடுத்தால் விளைவிப்போன் கதி யாது? நியாயமான கேள்விதான். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் நெல் விளைவிப்போர் ஒருபுறம். மருதமுனையில் தறியையும் சாய்ந்தமருதில் கடலையும் நம்பி அரிசி வாங்குவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் பகைவர் அல்லர் என்பதை அக்காலக் கொள்கை காட்டிற்று. 1948இல் உத்தரவாத விலைத் திட்டம் வந்தது; புசல் ஒன்றுக்கு 8 ரூபாவாய்த் தொடங்கிய விலை 1952இல் 12 ரூபாவாயிற்று. உழவனிடம் கூடிய விலைக்கு வாங்கிக் கூப்பன்காரனுக்குக் குறைந்த விலைக்கு விற்று, இடைப்பட்ட நட்டத்தைத் திறைசேரி தாங்கியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரமும் பட்டிப்பளை ஆற்று நீரைத் தேக்கி நம் வட்டைகளுக்குப் பாய்ச்சியது. இச்செலவு பெரிது, நிதி மந்திரிமார் அடிக்கடி கொத்தின்மீது கைவைக்க முனைந்ததன் காரணமும் அதுவே. அவர்களைக் கொடியோர் என்று கூறுதல் தகாது. ஆனால், நட்டத்தை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்விக்கு விடை கணக்கேட்டில் மட்டும் இல்லை. கேட்போர் யார், மௌனமாய் இருப்போர் யார் என்பதிலும் இருக்கிறது.

மௌனத்தின் விளைவை 1979ஆம் ஆண்டில் கண்டோம். 1978இல் பங்கீடு வறிய குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. மறு ஆண்டு அரிசி நின்று, ரூபாக் கணக்கில் உணவு முத்திரை வந்தது. உதவி வேண்டியவனுக்கே உதவி என்பது கேட்க அழகாகவே இருந்தது. ஆனால் விலைவாசி ஏற ஏற முத்திரையின் தொகை ஏறவில்லை. அதன் வாங்கும் வலு மூன்றாண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று. கொத்துக்கு 45 சதம் கூட்டியபோது நாடு ஸ்தம்பித்தது. முத்திரையின் பாதி கரைந்தபோது ஒரு கதவும் அடைக்கப்படவில்லை. ஏன்? முன்னர் சங்கக்கடை வரிசையில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கூலியாளும் ஒருங்கே நின்றனர். ஒருவர் இழப்பு யாவர் இழப்பும் ஆயிற்று. பின்னரோ எழுதவும் பேசவும் வல்லவர் அவ்வரிசையை விட்டு நீங்கினர். எஞ்சியோர்க்குப் பசி இருந்தது, குரல் இல்லை.

அண்மைக் காலமும் இதனையே உரைக்கிறது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அம்பாறை மாவட்டத்திலும் ஏனைய மாவட்டங்களிலும் உழவர் வீதிக்கு வந்து முறையிட்டனர். நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் பெரும்போகம் அதற்குமுன் தொடங்கிவிட்டது. 2022ஆம் ஆண்டு நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 42 பங்கு குறையும் என்றும், 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பின்றி உள்ளனர் என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன. உழவர் சொல்லை விதைப்புக்கு முன்னரே செவிமடுத்திருந்தால் இழப்பு இவ்வளவு இராது.

கல்முனையிலும் அயலூர்களிலும் ஈகைக்குக் குறைவில்லை. ஸகாத் கொடுக்கிறோம், நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம், அயல்வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிறோம். இவை நிலைக்கவேண்டும். ஆயினும் ஈகை ஒரு வீட்டின் பசியை ஒரு நாள் ஆற்றும்; நல்ல சட்டமோ பெயரறியாத வீட்டின் பசியையும் ஆண்டு முழுதும் ஆற்றும். ஈகையாளர் தம் கடமை முடிந்ததென்று அமர்ந்துவிட்டால், சட்டத்தைக் கேட்பார் யார்?

2023 முதல் அஸ்வெசும என்னும் உதவித்திட்டம் நடந்துவருகிறது. அதிலே விடுபட்டோர் மேன்முறையீடு செய்ய வழி வைக்கப்பட்டது. ஆனால் படிவத்தை நிரப்ப அறியாத விதவையும், பிரதேச செயலகப் படி ஏறக் கூசும் முதியவரும் நம் தெருக்களில் இருக்கின்றனர். காலையில் உண்ணாது பாடசாலைக்கு வரும் பிள்ளை தன் பசியைத் தானே எவரிடமும் சொல்வதில்லை. எனவே, எழுதத் தெரிந்தவர் எழுதாதவருக்காக எழுதவேண்டும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலும், மாதர் சங்கத்திலும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலும் எத்தனை வீடு விடுபட்டது என்று பெயரோடும் எண்ணோடும் கணக்கெடுக்கவேண்டும். அக்கணக்கைப் பிரதேச செயலாளரிடமும் பாராளுமன்ற அங்கத்தினரிடமும் கொண்டுசேர்த்து, பதில் வரும்வரை விடாது கேட்கவேண்டும். ஜோர்ஜ் வோல் செய்தது இதுவே. அவர் தமக்காகக் கேட்கவில்லை. தாம் ஒருபோதும் கட்டாத வரிக்காகக் கேட்டார்.

சங்கக்கடை வரிசை இன்று இல்லை. ஆனால் வறியவரோடு ஒரே வரிசையில் நிற்பதற்குக் கூப்பன் புத்தகம் ஒன்றே வழி என்பதில்லை.