லிச் கேட்

இங்கிலாந்து, வேல்ஸ் கிராமங்களில் ஆலயக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் கூரை போட்ட வாசல் லிச் கேட். ‘லிச்’ என்பது பிணத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். பெரும்பாலும் ஓக் மரத் தூண்கள்; மேலே இருபுறமும் சரிந்த ஓட்டுக்கூரை; உள்ளே இரு பக்கமும் உட்காரப் பலகைகள்.

சவம் சுமந்து வருவோர் குருவானவருக்காகக் காத்திருந்த இடம் இது. அடக்கம் செய்யும் உரிமை தாய்ப்பங்கின் ஆலயத்துக்கு மட்டுமே இருந்ததால், தொலைவிலுள்ள சிற்றூர்க்காரர்கள் பல மைல் நடந்து வர வேண்டியிருந்தது. ஏழைகளுக்குச் சொந்தமாகச் சவப்பெட்டி ஏது? பங்கின் பொதுப் பெட்டியிலோ பாடையிலோ கொண்டுவந்து, துணி சுற்றிய உடலை மட்டும் குழியில் இறக்குவார்கள். மழை நாளில் அந்தத் துணி நனையாமல் காத்தது இந்தக் கூரைதான். சில வாசல்களில் சுமையை இறக்கி வைக்க நீண்ட கல்லும் உண்டு. கார்ன்வாலின் செயின்ட் லெவன் ஆலயத்தில் அது கருங்கல்லாலானது.

1549-இல் வெளியான இங்கிலாந்து திருச்சபையின் பொது ஜெபப்புத்தகம், குருவானவர் கல்லறைத் தோட்டத்தின் நுழைவிலேயே சவத்தை எதிர்கொண்டு அடக்க ஆராதனையைத் தொடங்க வேண்டும் என்று விதித்தது. அதனால் இந்த வாசல் வழிபாட்டுக்குரிய இடமாகவும் ஆயிற்று.

ஆனால் வாசல்கள் அவ்விதியைவிடப் பழையவை. லண்டன் பெக்கன்ஹாம் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் உள்ளது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனப்படுகிறது. இருப்பவற்றுள் மிகப் பழையது என்ற பெருமையும் அதற்கு உண்டு. மரம் உளுத்துப்போகும் என்பதால் இடைக்கால வாசல்கள் சிலவே எஞ்சின. அவையும் பலமுறை பழுதுபார்க்கப்பட்டவை. சில வாசல்களுக்கு வேறு வேலையும் வந்து சேர்ந்தது. வாரிக்‌ஷயரின் லாங் காம்ப்டனில் வாசலுக்கு மேலேயே ஒரு சிறு வீடு இருக்கிறது. ஹார்ட்ஃபோர்டுஷயரின் ஆன்ஸ்டியில் வாசலின் ஒரு பகுதியை 19ஆம் நூற்றாண்டில் அடைத்து, கிராமத்துக் காவல் அறையாக்கினார்கள்.

இன்று காண்பவற்றுள் பெரும்பாலானவை விக்டோரியா காலத்திலும் அதற்குப் பின்னும் எழுந்தவை. இடைக்காலக் கட்டடக் கலைமீது அன்று பொங்கிய பற்றே அதற்குக் காரணம். பல, மறைந்த உறவினர் நினைவாகக் குடும்பங்கள் கட்டிக்கொடுத்தவை. முதல் உலகப்போருக்குப் பின் போர் நினைவுச் சின்னமாகவும் பல ஊர்கள் லிச் கேட் எழுப்பின. மாண்ட வீரர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. மகன் எங்கோ பிரான்ஸ் மண்ணில் கிடக்க, அவன் பெயரையாவது சொந்த ஊர்க் கல்லறை வாசலில் பொறித்துவைக்கப் பெற்றோர் விரும்பியதைவிட இயல்பானது வேறில்லை.