ஈயக் குண்டுகளும் இரண்டு சந்தேக எண்களும்



நேற்றிரவு செய்முறைப் பதிவேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கலவை முறையால் ஈயத்தின் தன்வெப்பக் கொள்ளளவைத் துணியும் பரிசோதனை. கொதிநீரில் வைத்த குழாயினுள் ஈயக் குண்டுகளைச் சூடாக்கி, கலோரிமானியில் உள்ள நீரில் இட்டு, நன்றாகக் கலக்கி, இறுதி வெப்பநிலையை வாசிக்க வேண்டும். குண்டுகளை மாற்றும் அந்த ஒரு நொடியிலேயே கொஞ்சம் வெப்பம் போய்விடும். ஆகவே விடைகள் ஆளுக்காள் மாறுபட்டே தீரும். ஆனால் பல பதிவேடுகளில் ஒரே விடை. புத்தகத்தில் இருக்கும் அதே 130!

பிள்ளைகளை ஏசுவதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பெற்றோரும் வாசியுங்கள்.

ஒரே அளவு சூட்டுக்கு எல்லாப் பொருளும் ஒரே அளவு சூடேறுவதில்லை என்பதை 1760ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக் தெளிவாக உணர்ந்தார். இரசம் நீரை விடப் பன்மடங்கு பாரமானது. ஆனாலும் நீரை விட விரைவாகச் சூடேறியது. 1783இல் லவோசியேயும் லாப்லாசும் சூடான பொருள் எவ்வளவு பனிக்கட்டியை உருக்குகிறது என்று பார்த்து வெப்பத்தை அளந்தார்கள்.

1819இல் பாரிசில் டூலோங், பெட்டி என்ற இருவர் 13 மூலகங்களின் அட்டவணையை வெளியிட்டார்கள். டூலோங் முன்னர் ஒரு வெடிப்பில் ஒரு கண்ணையும் இரு விரல்களையும் இழந்தவர். பெட்டி அடுத்த ஆண்டே, 28 வயதில் காலமானார். அவர்கள் கண்டது வியப்பானது: தன்வெப்பத்தை அணுத்திணிவால் பெருக்கினால், எந்த உலோகத்துக்கும் ஏறத்தாழ ஒரே எண்! இன்றைய அலகில் பாருங்கள். செம்பு 0.385 × 63.5, இரும்பு 0.45 × 56, பொன் 0.129 × 197. எல்லாமே 25ஐ ஒட்டியே வரும்.

இதனால் என்ன பயன்? அக்காலத்தில் பல உலோகங்களின் அணுத்திணிவு குழப்பமாக இருந்தது. உண்மை எண்ணா, அதன் இருமடங்கா என்று தெரியாது. இப்போது ஒரு கலோரிமானியே தீர்ப்புச் சொன்னது. இந்தியம் என்ற உலோகத்தின் அணுத்திணிவு சுமார் 76 என்றே எண்ணியிருந்தார்கள். 1870இல் பன்சன், நம் ஆய்வுகூடச் சுடரடுப்புக்குப் பெயர் தந்த அதே பன்சன், அதன் தன்வெப்பத்தை அளந்தார். அணுத்திணிவு 113 என்று தெளிவாயிற்று. ஆவர்த்தன அட்டவணையில் அதற்கு உரிய இடமும் கிடைத்தது.

கதையின் கசப்பான பகுதி இனித்தான். அந்த 13 எண்களில் இரண்டு உறுத்துகின்றன. தெலூரியத்துக்கு 0.0912 என்று எழுதியிருந்தார்கள் (நீருக்கு 1 என்ற அளவில்). சரியான பெறுமானம் அதில் ஏறத்தாழப் பாதிதான். கோபால்ட்டுக்கு 0.1498, சரியானது 0.10ஐ ஒட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட அணுத்திணிவுகளும் அதே விகிதத்தில் பிழை. பிழையைப் பிழையால் பெருக்க, விதிக்குப் பொருந்தும் விடை! மாதிரிகள் தூய்மையற்றவையா, அல்லது எண்கள் விதிக்கேற்ப எழுதப்பட்டவையா என்று விஞ்ஞான வரலாற்றாசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். உறுதியான பதில் இல்லை. விதி நிலைத்தது, ஆனால் அந்த இருவரின் பெயரில் ஒரு கேள்விக்குறியும் நிலைத்துவிட்டது.

இதற்கு நேர்மாறானது வைரம். அதன் அளவீடு 25க்கு மிகக் கீழே நின்றது. அளந்தவர்கள் அதைத் திருத்தவில்லை, மறைக்கவுமில்லை. அறை வெப்பநிலையில் சுமார் 6 என்றால் 6 என்றே எழுதினார்கள். அந்தப் பொருந்தாத எண்களுக்குக் காரணம் தேடித்தான் 1907இல் ஐன்ஸ்டைன், திண்மங்களின் வெப்பத்துக்குக் குவாண்டம் விளக்கம் தந்தார். யாராவது ஒருவர் அதை 25 ஆக்கி எழுதியிருந்தால்?

பிள்ளைகளே, உங்களுக்கு 118 வந்தால் 118 என்றே எழுதுங்கள். அதன் கீழே, குண்டுகளை மாற்றும்போது வெப்பம் இழக்கப்பட்டது என்று காரணத்தையும் எழுதுங்கள். என்னிடம் அதற்குத்தான் கூடுதல் புள்ளி. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை ஸூரதுல் முதஃப்பிபீன் எச்சரிப்பதைச் சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். அது கடைத் தராசுக்கு மட்டுமா? வெப்பமானியின் வாசிப்பும் ஓர் அமானிதம்தான்.

பதிவேடுகளைத் திருப்பித் தருகிறேன். வரும் வாரம் ஈயக் குண்டுகளை மீண்டும் சூடாக்குவோம், இன்ஷா அல்லாஹ்.